பழனிச்சாமி அண்ணன் கொடுக்காத மன்னிப்பு

செய்தி வந்தபோது நான் பசை டிரம்மைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் பதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டோர் பிஜு போனும் கையுமாக ஓடி வந்தான். "மேடம், நம்ம பழனிச்சாமியண்ணன் போயி. காலையில, கொல்லங்கோட்டு வீட்ல வச்சு. நெஞ்சுவேதனை" என்றான். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். பாதியில் விட்டுவிட்டு எப்படிப் போகலாம் என்ற கோபம். பசை டிரம்மை மூடக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இன்று நம் அட்டைப்பெட்டி ஆலை கேன்டீனில் நடக்கும் இரங்கல் கூட்டத்தில் நானே இதைப் படிப்பேன். பிஜு மலையாளத்தில் சொல்வான், இந்தியில் சொல்லவும் ஆள் இருக்கிறது. என் பெயர் சுமதி என்பதும், ஷிப்ட் பொறுப்பாளர் என்பதும், கத்துவேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஆறு வருடமாக நான் பழனிச்சாமி அண்ணனிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் தரவில்லை. தராமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதற்கு முன்னால் அவர் ஓயாமல் சொல்லும் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அண்ணன் ஐ.டி.ஐ. படித்தவர், நம் மிஷின்களை எல்லாம் பழுது பார்த்தவர். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கில அறிவியல் கதைகளைப் படிக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய புத்தகக் கடையில் ஒரு கட்டு வாங்கி வருவார். அப்படி வந்ததில் அட்டையும் இல்லாமல், முன்பக்கங்களும் இல்லாமல் ஒரு புத்தகம். கதையின் பெயர்கூட அவருக்குக் கடைசிவரை தெரியாது. அதில்தான் 'குரோக்' என்ற சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒன்றை மேலோட்டமாக இல்லாமல் அடிவரை, அதுவாகவே ஆகிப் புரிந்துகொள்வதற்கு அந்தக் கதையில் வரும் வேற்றுக்கிரகவாசிகள் வைத்த சொல் அது. கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் அக்கா மகன், தங்கள் ஆபீஸில்கூட இதைச் சொல்வார்கள் என்றான். அண்ணனுக்கு அதெல்லாம் தெரியாது. தன் அகராதியில் அந்தச் சொல் இல்லை என்பதாலேயே அவருக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம்.

"புரியறது வேற, குரோக் வேறங்க அம்மிணி" என்பார். "தண்ணி கொதிக்குதுன்னு தெரிஞ்சுக்கறது ஒண்ணு. நாமளே உள்ள கெடந்து கொதிக்கறது ஒண்ணு." கேட்க நன்றாகத்தான் இருக்கும். பதினோரு மணிக்கு மிஷின் நின்று, லாரி வாசலில் நின்று, முதலாளி போனில் நிற்கும்போது கேட்டுப் பாருங்கள். மிஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கையில் ஸ்பேனர் இருக்காது. "ஏனுங்ணா, என்ன கோளாறுன்னு தெரிஞ்சுதா?" என்றால், "புரிஞ்சுதுங்க. குரோக் ஆகலீங்க" என்பார். மண்டையை எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியாது எனக்கு.

என் ஸ்கூட்டர் கதையையும் சொல்கிறேன். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தியது. சும்மா ஒரு பார்வை பாருங்கள் என்று கொடுத்தேன். மூன்று நாள் வைத்துக்கொண்டார். கொழிஞ்சாம்பாறையிலிருந்து இரண்டு நாள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தேன், ஒரு நாள் இரவல் வண்டியில். நான்காம் நாள் சாவியை நீட்டி, "வண்டி பாவமுங்க. நிறுத்தறப்ப ஸ்டாண்டைக் கோவத்துல ஒரு உதை உதைக்கறீங்க. அதுல சுவிட்ச் வயர் ஆடிப்போச்சு. வயரை நான் மாத்தீட்டேன். உதைக்கறதை நீங்கதான் மாத்தோணும்" என்றார். அரை மணி நேரத்தில் எந்த மெக்கானிக்கும் அந்த வயரைக் கண்டுபிடித்திருப்பான். ஆனால் நான் வண்டி நிறுத்தும் அழகை எவன் பார்த்திருப்பான்? சொல்லும்போதே எரிச்சலாக இருக்கிறது. இரவல் வண்டியில் வந்த அந்த ஒரு நாள் ஷெட்டில் ஒளிந்து நின்று பார்த்திருக்கிறார், மனிதர்.

வண்டன்மேடு விஷயம் அதைவிட மோசம். ஏலக்காய்க்கு நாம் அனுப்பிய பெட்டிகள் நசுங்குகின்றன என்று அங்கே ஒரு வியாபாரி புகார் சொன்னார். நானும் அண்ணனும் போனோம். பத்து நிமிடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது: மலைக்காற்றின் ஈரம், அட்டையை இன்னொரு அடுக்கு கூட்ட வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் திரும்பி வர மாட்டேன் என்றுவிட்டார். இரண்டு நாள் அந்தக் கிடங்கிலேயே பெட்டி சுமந்தார். நான் லாட்ஜில் உட்கார்ந்து முதலாளிக்குச் சமாதானம் சொன்னேன். இரண்டாம் நாள் மதியம் என்னைக் கூப்பிட்டுப் போய்க் காட்டினார். பேக்கிங் செய்யும் பெண்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், வரிசையாக, நம் பெட்டிகள் மேல் உட்கார்ந்து. "ஒக்கார எடமில்லண்ணே" என்றார் அதில் ஓர் அம்மா. "காலைலருந்து நிக்கிறோம். டீ குடிக்கையில இதுமேலதேன் ஒக்காருவோம்." அண்ணன் முதலாளிக்கு எழுதிய அறிக்கையில் ஒரே வரி: 'கிடங்கில் இரண்டு பெஞ்சு போடவும்.' வியாபாரி பெஞ்சு போட்டார். பெட்டி நசுங்குவது நின்றது. அட்டையைக் கூட்டச் சொன்ன நான் நான்கு நாள் யாரோடும் பேசவில்லை.

இப்போது நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

ஆறு வருடம் முன்பு, மாம்பழ சீசன். முதலமடைப் பக்கத்து வியாபாரிகளுக்குப் பெட்டி போகவேண்டும். காய் பறித்தாகிவிட்டது, லாரிகள் வந்து நிற்கின்றன. அட்டையை வெட்டும் நம் ஸ்லாட்டிங் மிஷினில் ஒரு கோளாறு இருந்தது. நிறுத்தும் பொத்தானை அழுத்தி உருளை நின்ற பிறகும், எப்போதாவது ஒருமுறை, சற்றுப் பொறுத்து, அது தானாக அரைச் சுற்று சுற்றும். காலையில் உள்ளே இருந்த ரிலே சுவிட்சை மாற்றினார்கள். ஐம்பது தடவை நிறுத்திப் பார்த்தோம், ஐம்பது தடவையும் ஒழுங்காக நின்றது. எல்லோருக்கும் திருப்தி. அண்ணனுக்கு மட்டும் இல்லை. "இப்ப சரியாப் போச்சு. ஏன் சரியாப் போச்சுன்னு தெரியலீங்களே" என்றார். மிஷின் விற்ற ஏஜென்டையே நேரில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினார். போகும்முன் சுவிட்ச் பெட்டியின் கதவில் சாக்பீஸால் பெரிதாக 'கு' என்று எழுதிவிட்டுப் போனார். இன்னும் குரோக் ஆகவில்லை, தான் வந்து அழிக்கும்வரை யாரும் இதை ஓட்டக்கூடாது என்று அர்த்தம். பன்னிரண்டு வருடமாக நம் ஆலையில் அதுதான் வழக்கம்.

இரண்டு மணிக்கு முதலாளி மூன்றாவது தடவை போன் செய்தார். நான் வேஸ்ட் துணியை எடுத்து அந்தக் 'கு'வை அழித்தேன். மிஷினை ஓட்டச் சொன்னேன். ஓட்டியவன் திலீப். ஒரிசாவிலிருந்து வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது அவனுக்கு. மூன்றரை மணிக்கு ஓர் அட்டை உள்ளே மாட்டிக்கொண்டது. திலீப் பொத்தானை அழுத்தினான், உருளை நிற்கும்வரை பொறுத்திருந்தான், அதன்பிறகுதான் கையை உள்ளே விட்டான். உருளை அரைச் சுற்று சுற்றியது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அவன் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மிஷின் நின்றிருந்ததே என்பதுபோல் என்னைப் பார்த்தான்.

விசாரணையில்தான் இன்னொரு கூத்து வெளிவந்தது. இந்தக் 'கு' என்றால் என்ன என்று மேனேஜர் கேட்டார். குரோக் என்றோம். அந்தச் சொல்லை மலையாளிகள் எல்லோரும் தமிழ் என்று நினைத்திருந்தார்கள். நம் தமிழ் ஆட்கள் அதை ஏதோ இந்தி என்று நினைத்திருந்தார்கள். இந்தி பேசுகிறவர்கள் மலையாளம் என்று நினைத்திருந்தார்கள். அடுத்தவர் பாஷை, நமக்கெதற்கு என்று பன்னிரண்டு வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறோம். மிஷின் சரியாக இன்னும் நேரமாகும் என்பதற்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான் தெரியும். முழுதாகப் புரிந்துகொள்வதற்கான சொல் யாருக்குமே புரிந்திருக்கவில்லை. அண்ணனின் முகம் அன்று செத்துப்போனது. "தப்பு என்னுதுங்க சார்" என்றார். "பன்னெண்டு வருஷமா யாருக்கும் ஒறைக்காத ஒரு குறியை வச்சுட்டு இருந்திருக்கறேன். பூட்டுப் போட்டிருக்கோணும்." எனக்காகத் தியாகம் செய்தார் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். மனதார அப்படித்தான் நம்பினார்.

பிறகு மேனேஜர் அதை அழித்தது யார் என்று கேட்டார். "அழிச்சவங்களுக்குத் தெரியுமுங்க. அவங்களே சொல்லுவாங்க" என்றார் அண்ணன். அறையில் எட்டுப் பேர் இருந்தோம். நான் மேசையைப் பார்த்தேன். இந்த ஆலையில் ஷிப்ட் பார்த்த முதல் பெண் நான். சொன்னால் அன்றோடு என் வேலை முடியும், எனக்குப் பிறகு இன்னொரு பெண்ணையும் எடுக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரணம் என்று தேடினால் யாருக்கும் ஒன்று கிடைக்கும். நான் சொல்லவில்லை.

அறிக்கையில் இரண்டு காரணம் எழுதினார்கள். ஒன்று, மெயின்டனன்ஸ் பிரிவின் தெளிவில்லாத குறி. இரண்டு, தொழிலாளியின் அசிரத்தை. அண்ணன் முதல் காரணத்துக்கு நேரே கையெழுத்துப் போட்டார். இரண்டாவதற்கு நேரே தமிழில் 'ஒப்புக்கொள்ள முடியாது' என்று எழுதினார். மேனேஜருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதுவும் கையெழுத்துத்தான் என்று நினைத்து ஃபைலில் வைத்துவிட்டார். அது இன்றும் அங்கேதான் இருக்கிறது. அண்ணனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அங்கே போய் அவர் செய்த முதல் காரியம், ஒவ்வொரு மிஷினுக்கும் சிவப்பு அட்டை கட்டிய ஒரு பூட்டு வாங்கி வைத்ததுதான். "நம்ம ஆளுங்க எழுத்தை அழிச்சுருவாங்க அம்மிணி. பூட்டை ஒடைக்கறதுக்குக் கொஞ்சம் யோசிப்பாங்க" என்றார், என் முகத்துக்கு நேராகவே.

முதல் மன்னிப்பை அடுத்த வாரம் பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். "என்ன பண்ணீங்கன்னு தெரியுதுங்களா?" என்றார். அழித்தேன், அதைச் சொல்லாமல் உங்களை மாட்டிவிட்டேன் என்றேன். சற்று யோசித்தார். "புரிஞ்சுருக்குதுங்க. குரோக் ஆகலீங்க" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். விஷுவுக்குப் பழக்கூடையோடு அவர் வீட்டுக்குப் போனேன். பழத்தை வாங்கிக்கொண்டார், மன்னிப்பை வாங்கிக்கொள்ளவில்லை. கடிதம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கையில் கொடுத்தார். இன்னும் எவ்வளவு வருத்தப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார் என எனக்கு விளங்கவில்லை.

அவர் ஓய்வுபெற்ற நாளில் ஸ்டோருக்குள் நின்று அழுதேவிட்டேன். உங்கள் பிழைப்பையே கெடுத்துவிட்டேனே என்றேன். டீ வாங்கிக் கொடுத்தார். "அழுகாதீங்க அம்மிணி. இந்த அழுகை எனக்கெதுக்குங்க? இன்னும் கொஞ்சம் பக்கத்துல போய்ப் பாருங்க" என்றார். எதன் பக்கத்தில் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்பதுபோல் தலையை ஆட்டினார். எனக்கு ரத்தம் கொதித்தது. உங்கள் மன்னிப்பும் வேண்டாம், உங்கள் அட்டை இல்லாத புத்தகமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன்பிறகு எட்டு மாதம் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. அடுத்து நான் போனது அவர் இறந்த அன்று.

கொல்லங்கோட்டில் அன்று மதியம் நல்ல வெயில். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி சரசக்கா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அடக்க முடியவில்லை. "ஆறு வருஷமா மன்னிப்புக் கேட்டனுங்க்கா. கடைசிவரைக்கும் அண்ணன் குடுக்கவே இல்லீங்க" என்றேன். சரசக்கா என்னை வினோதமாகப் பார்த்தார். அழுது வீங்கிய கண்ணோடு, ஏதோ சின்ன விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னார்:

"ஏனுங்க அம்மிணி, அவருக்கு என்னத்துக்குங்க மன்னிப்பு? வெரலு போனது அவருக்குங்களா?"

சொல்லிவிட்டு, கழுவிய தண்ணீர் தேங்காமல் தள்ளிவிடச் சொல்லி யாரையோ கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு வரி. ஒரே ஒரு வரி. அதை அந்த மனிதர் ஆறு வருடம் வாய்க்குள் வைத்திருந்தார். பஸ் ஸ்டாப்பில் சொல்லியிருக்கலாம். விஷுவுக்குச் சொல்லியிருக்கலாம். எழுத்துப் பிழையைத் திருத்திய பேனாவால் கடிதத்தின் ஓரத்திலேயே எழுதியிருக்கலாம். நானாகவே போய்ச் சேரவேண்டுமாம். சொல்லிக் கொடுத்தால் அது வெறுமனே புரிந்தது ஆகிவிடுமாம். நான் தினமும் காலையில் திலீப்பைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். மூன்று விரல் கையால் அவன் பெருக்குமாறு பிடித்திருப்பதைப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். ஸ்டோருக்குப் போன அண்ணனுக்காக அழுதேன். அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

திலீப் பந்தலுக்கு அடியில் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தான். போய் நின்றேன். அந்தக் 'கு'வை அழித்தது நான்தான் என்றேன். அவன் அடுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும் மேடம்" என்றான். "நான் அங்கதன்னெ நின்னேன். நீங்க துணி எடுத்துத் துடைச்சது கண்டேன்."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா ஆபீஸ்ல ஆரு கேக்கும்? அண்ணன்கிட்ட மாத்திரம் சொன்னேன். அண்ணன் சொல்லிச்சு, மேடம் வரும், நீ பொறு. எல்லா ஞாயிறும் நான் வீட்டுக்குப் போனா இதே. மேடம் வரும், மேடம் வரும்." ஒரு நாற்காலியை டக்கென்று மடக்கினான். "எனக்கு மடுத்துப்போச்சு மேடம்."

சலித்துப்போனது என்கிறான். அந்த மனிதரிடம் சலித்துப்போனவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மன்னித்துக்கொள் திலீப் என்றேன். அவன் மடக்கிய நாற்காலியை அடுக்கின்மேல் வைத்தான். ஒன்று மட்டும் கேட்டான்.

"அந்த அறிக்கைக் கடலாசுல என் பேர்ல அசிரத்தைன்னு இருக்கு. அதுனால மிஷின் தரமாட்டேன்னு சொல்லுது. அது மாத்துமா?"

அண்ணன் செய்ததும் தப்புதான். இரங்கல் கூட்டத்தில் இதைச் சொல்லக்கூடாது என்பார்கள், சொல்லத்தான் செய்வேன். எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, மிஷின் ஓட்டத் தெரிந்த ஒருவனை ஆறு வருடம் பெருக்க விட்டுவிட்டுக் காத்திருந்தார். காத்திருக்கும் அளவுக்கு நான் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. உயிரோடு இருந்திருந்தால் இதற்காக அவரிடம் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். அவரும், "இது நியாயமுங்க" என்று ஒத்துக்கொண்டிருப்பார். அதுதான் இன்னும் எரிச்சல்.

இன்று காலை மேனேஜரிடம் கடிதம் கொடுத்துவிட்டேன். மலையாளத்திலும் தமிழிலும் எழுதியிருக்கிறேன். என்னை என்ன செய்வார்கள் என்று தெரியாது. இந்தக் கூட்டம் முடிந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் உங்கள் எல்லோர் முன்னாலும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்கிறேன். பிஜு, நிதானமாகச் சொல், இந்தியிலும் சொல்லச் சொல். திலீப் மிஷினை நிறுத்திவிட்டுத்தான் கையை உள்ளே விட்டான். குறியை அழித்து ஓட்டச் சொன்னது நான்.

அவரிடமிருந்து நீங்கள் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டிருப்பீர்கள். பூட்டு, பெஞ்சு, அந்தச் சொல். நான் வைத்துக்கொள்ளப்போவது, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் அந்தப் பையனிடம் என்னைப் பற்றிச் சொன்னாரே, அந்த இரண்டு வார்த்தையை. அதை நம்பியவர் அவர் ஒருவர்தான். அவர் இருக்கும்வரை நான் வரவில்லை.